இருவருக்கும் ஒரே மாத்திரை

மார்ச் 3

அன்புள்ள பிரேக்கு,

நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உன் நலத்தைத்தான் போன வாரம் பக்கத்தில் நின்றே பார்த்துவிட்டேனே. நம் வகுப்பு லீடரின் ஓய்வு விருந்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீயும் நானும் ஆண்கள் கழிப்பறையில் அடுத்தடுத்து சுவரைப் பார்த்து நின்றோம். நமக்குப் பின்னால் வந்தவர்கள் காரியம் முடித்து, கை கழுவி, தலையும் சீவிக்கொண்டு போய்விட்டார்கள். நாம் அப்படியே நின்றோம். "உனக்குமாடா?" என்று மெதுவாகக் கேட்டாய்.

அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பாவி என்று திட்டாதே. ஒன்றாம் வகுப்பிலிருந்து நீ எல்லாவற்றிலும் எனக்கு ஒரு படி மேலே. ஓட்டப்பந்தயத்தில் நீ முதல், நான் இரண்டாவது. உன் தலையில் இன்னும் முடி இருக்கிறது, என் தலையைப் பார்த்துத்தான் மருமகள் பொட்டு வைத்துக்கொள்கிறாள். இந்த ஒன்றிலாவது கடவுள் நம்மைச் சமமாக நிறுத்தினாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் போனில் பேச முடியாது. எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் யாராவது ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அதனால்தான் கடிதம்.

துறைமுகத்தில் என் பிழைப்பு உனக்குத் தெரியும். கிரேன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான். குனிந்து கீழே பார்த்தபடி கப்பலில் இருந்து பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். எங்களுடையது பழைய கிரேன், லிஃப்ட் கிடையாது, ஏணிதான். முன்பெல்லாம் காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். இப்போது மணிக்கு ஒருமுறை இறங்குகிறேன். இறங்கி ஓடினால் அங்கே நாலு சொட்டு. அதற்கும் எரிச்சல். உட்காரும் இடத்தில் எந்நேரமும் சுட்ட கல்லை வைத்தது போல் ஒரு வலி. நான் ஏணியில் கால் வைத்தாலே கீழே இருப்பவர்கள் "கொக்கு இறங்குது, டீ குடிச்சிட்டு வாங்கப்பா" என்கிறார்கள். மேஸ்திரி நேற்று நேராகவே சொல்லிவிட்டார். இப்படியே போனால் என்னைக் கீழே போட்டுவிட்டு அந்தச் சின்னவனை மேலே ஏற்றுவாராம். முப்பது வயதுப் பயல். குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு நாள் முழுக்க அசையாமல் உட்காருகிறான். அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரிடம் போனேன். புராஸ்டேட் சுரப்பியில் நாள்பட்ட வீக்கமாம், புற்று இல்லையாம், நல்லவேளை. சோதனையில் கிருமி தெரிந்ததால் அதற்கு ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் போட வேண்டும், மூத்திரப்பை வாயில் இறுகிக் கிடக்கும் தசை தளர இரவில் இன்னொரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். இரண்டையும் அலமாரியில் வைத்திருக்கிறேன். மாத்திரைக்கும் எனக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும்.

உன் வண்டவாளத்தையும் எழுது. படித்து ஆறுதல் அடைகிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைக் காலில் நிற்கும்
கொக்கு


மார்ச் 12

அன்புள்ள கொக்கு,

கடிதம் வந்தது. என் வீட்டுக்காரி, அதுதான் உன் தங்கச்சி, "யாருடைய கடிதம்?" என்று கேட்டாள். அரசியல் பேசுகிறான் என்று சொல்லிவிட்டேன். அவள் அதற்கு மேல் பக்கத்தில் வரவில்லை.

என் வண்டவாளம்தானே, கேட்டுக்கொள். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவனுக்கு இந்த நோய் வந்தால் எப்படி இருக்கும். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள், நான் பக்கத்தில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, வேறு எதையோ அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது என் பாடமே மாறிவிட்டது. முதலில் நூலகம் வரை நேராக, அங்கே ஓரமாக நிறுத்து. பிறகு பெட்ரோல் பங்கு, அங்கே பின்னால் எடுத்து நிறுத்து. பிறகு பஸ் நிலையம். மூன்று இடத்திலும் கழிப்பிடம் சுத்தமாக இருக்கும். என்னிடம் கற்றவர்களுக்கு வளைவில் திரும்பத் தெரியாமல் போகலாம், நிறுத்தத் தெரியாமல் போகாது.

எங்கள் ஊர் டாக்டரும் அதே பெயர்தான் சொன்னார், அதே இரண்டு மாத்திரைதான். எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதி கிடையாது, சில வாரம் பொறுத்துத்தான் தெரியும், கேட்காவிட்டால் வாருங்கள், வேறு வழி பார்க்கலாம் என்றார். நான் ஆரம்பித்துவிட்டேன். அலமாரிக்கா வீக்கம், அலமாரியில் வைத்திருக்கிறாய்? எடுத்து உன் வாயில் போடு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பிரேக்கு


மார்ச் 29

அன்புள்ள பிரேக்கு,

நீ சொன்னாய் என்று பத்து நாள் போட்டேன். ஆன்டிபயாடிக் வயிற்றைப் புரட்டியது. இரவு மாத்திரை போட்டுவிட்டுக் கட்டிலில் இருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்காரியோடு இருந்தபோது எல்லாம் சரியாகத்தான் நடந்தது, ஆனால் முடிவில் வர வேண்டியது வரவில்லை. மழை இல்லாத இடி. அவள் தூங்கிவிட்டாள், நான்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இத்தனையும் அனுபவித்தும் அங்கே அதே நாலு சொட்டுதான்.

நிறுத்திவிட்டேன். கூண்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வைத்துக்கொண்டேன், அதுதான் இனி என் டாக்டர். நேற்றுச் சின்னவன் கூண்டைத் துடைக்க வந்தவன் அதைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும்.

உனக்கும் கேட்டிருக்காது. நீயும் விட்டுவிடு. இருவரும் சேர்ந்தே கிழவனாவோம்.

இப்படிக்கு,
கொக்கு


ஏப்ரல் 8

அன்புள்ள கொக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. சினிமா பார்க்கப் போயிருந்தேன்.

ஆமாம், சினிமா. மூன்று மணி நேரப் படம். இடைவேளையில்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் கதாநாயகன் கள்ளக்கடத்தல்காரனின் சொந்தத் தம்பி என்று தெரிகிறது, இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அது வரைக்கும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் போனேன். மடை திறந்த மாதிரி போயிற்று. உன் தங்கச்சி வெளியில் நின்று "குழாயை மூட மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

எனக்கும் தலை சுற்றியது, ஆரம்பத்தில். நீ கூச்சப்பட்டு எழுதிய அந்த விஷயமும் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். இந்த மாத்திரைக்கு அது சகஜம், கெடுதல் இல்லை, மாத்திரையை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்றார். மழை வராவிட்டால் என்ன, குடை மிச்சம்.

நீ பாதியில் விட்டாய். நான் விடவில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், கடைசிச் சுற்றில் உனக்கு மூச்சு வாங்கும். வேறென்ன சொல்ல, பாட்டிலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்,
பிரேக்கு


ஏப்ரல் 27

பிரேக்கு,

அன்புள்ள என்று போடவில்லை, கவனி. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அடிவயிறு ஏற்கெனவே எரிகிறது, இப்போது மேல்வயிறும் சேர்ந்துகொண்டது. ஒரே நோய், ஒரே மாத்திரை. உனக்கு மடை திறக்கிறது, எனக்குக் குழாய் சொட்டுகிறது. உனக்கு மட்டும் கடவுள் என்ன சித்தப்பாவா?

அன்றே மறுபடி ஆரம்பித்தேன். அதோடு விட்டேனா? அந்த இரவு மாத்திரையில் நீ ஒன்று போட்டு முந்தினாய், நான் இரண்டு போட்டால் உன்னை எட்டிப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இரவில் போட்டால் தூக்கத்தில் வீணாகிறது, வேலை நேரத்தில்தானே வேண்டும் என்று, காலையில் கிரேன் ஏறுவதற்கு முன் இரண்டையும் விழுங்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில் சீட்டில் இருந்து எழுந்து ஏணியில் கால் வைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கப்பல், லாரி, கடல் எல்லாம் ஒரே மங்கலாகப் போயிற்று. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்று நினைக்கிறேன். எனக்கு நினைவு திரும்பியபோது ஒருவன் கீழே இருந்து ஏறி வந்து, என்னைத் தன் உடம்போடு ஏணியில் அழுத்திப் பிடித்திருந்தான். யார் தெரியுமா? சின்னவன்தான். "பெரியவரே, நான் பிடிச்சிருக்கேன், மெதுவா" என்றான். கீழே விழுந்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

என்னைக் கீழ் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது லாரிக்காரர்களுக்குக் கொடி காட்டுகிறேன். என் சீட்டில் அவன் உட்கார்ந்திருக்கிறான். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால்தான் மறுபடி மேலே. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

நீ எத்தனை படம் பார்த்தாய்?

கொக்கு


மே 5

என் அருமைக் கொக்கு,

படித்தேன். இரண்டு முறை படித்தேன். அறிவு கெட்டவனே, மாத்திரை என்ன ஓட்டப்பந்தயமா? இரண்டு போட்டால் இரண்டு மடங்கு சீக்கிரம் குணமாகும் என்று உனக்கு யார் சொன்னது? அந்தப் பையன் காலில் விழுந்து கும்பிடு. வயதில் சின்னவன் என்று பார்க்காதே.

நாளைக்கே டாக்டரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல். நீ ஏணி ஏறும் வேலைக்காரன் என்பதையும் சொல், அதை அவரிடம் சொன்னாயா என்பதே எனக்குச் சந்தேகம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஒன்றே ஒன்று. எழும்போது முதலில் கட்டிலில் உட்கார், பிறகு காலைத் தொங்கப் போடு, பிறகு நில். ஆன்டிபயாடிக்கை டாக்டர் சொன்ன நாள் வரை முடி. அவர் ஏறலாம் என்று சொல்கிற வரை ஏணிப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே.

என் செய்தி கேட்டாய். போன ஞாயிறு ரயிலில் மகள் வீட்டுக்குப் போனேன். ஐந்து மணி நேரம். ஜன்னல் ஓர சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒருமுறையும் எழுந்திருக்கவில்லை. உன்னால் முடியாது. வேண்டுமானால் முடித்துக் காட்டு.

அன்புடன்,
பிரேக்கு


ஜூன் 21

அன்புள்ள பிரேக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நான் மேலே இருக்கிறேன். என் கூண்டில், என் சீட்டில். நீ எழுதினாயே, உன்னால் முடியாது என்று, அந்தக் காகிதத்தை வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரையை உன்னைத் திட்டிக்கொண்டேதான் விழுங்கினேன். "இன்னைக்கு அண்ணனைத் திட்டியாச்சா? அப்போ படுங்க" என்பாள் உன் தங்கச்சி.

மூன்றாவது வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் கொடி காட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று நினைவு வந்தது, காலையில் இருந்து நான் போகவே இல்லை என்று. பயந்துபோய் ஓடினேன். போயிற்று பார், சத்தத்தோடு. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். வலியும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஆன்டிபயாடிக் முடிந்தது. டாக்டர் என்னைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்து, சில வாரம் கீழேயே இருக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நேற்று ஏறினேன். சாப்பாடு வரைக்கும் இறங்கவில்லை. பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

இப்போது சமம்தானே? சமம் என்ன, நான் உச்சியில் இருக்கிறேன், நீ சாலையில் இருக்கிறாய்.

உன் தங்கச்சியின் தங்கை மகளுக்கு உங்கள் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். உன்னிடம்தான் சேரச் சொன்னேன். அவளிடம் காசு வாங்கினால் தெரியும் சேதி.

வெற்றி பெற்ற,
கொக்கு


ஜூலை 30

பிரேக்கு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஏதோ வேலை என்று நினைத்தேன். நேற்று அந்தப் பெண் வந்திருந்தாள். ஓட்டிக் காட்டு என்றேன், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் உட்கார்ந்தேன். தெருமுனை வளைவில் தடுமாறினாள். ஆனால் நிறுத்தினாள் பார், ஓரத்தை ஒட்டி, ஒரு விரற்கடை கூட விலகாமல். எங்கே இப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"எங்க மாஸ்டர் கிட்ட எல்லாரும் நல்லாத்தான் நிறுத்துவோம் பெரியப்பா. நூலகம், பெட்ரோல் பங்கு, பஸ் நிலையம். ஒரு வகுப்புல மூணு தடவையாவது இறங்கிப் போவாரு. வரும்போது முகம் வேர்த்திருக்கும். பாவமா இருக்கும்."

போன வாரமும் அப்படித்தானா என்று கேட்டேன். போன வாரம் நாலு தடவை என்றாள்.

சினிமா? ரயில்? மடை திறந்தது? எல்லாம் பொய்யா? நான் ஏணியில் தொங்கினேனே, அப்போதும் பொய்யா எழுதினாய்? எனக்குக் கோபம் வருகிறது. கோபத்துக்குள் இன்னொன்று வருகிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை. இன்று கூண்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், கீழே இருந்து மேஸ்திரி கத்திக்கொண்டே இருந்தார்.

பதில் போடு.

கொக்கு


ஆகஸ்ட் 9

அன்புள்ள கொக்கு,

பொய்தான். படத்துக்குப் போனது நிஜம். இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை எழுந்து, பக்கத்து ஆளின் காலை மிதித்து, அவர் சண்டைக்கு வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுததை உன் தங்கச்சிதான் வீட்டுக்கு வந்து சொன்னாள். ரயிலில் ஐந்து மணி நேரமும் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நான் ஒழுங்காகத்தான் போட்டேன். எனக்குக் கேட்கவில்லை. டாக்டர் வாருங்கள், வேறு மருந்து இருக்கிறது, இடுப்புத் தசைக்குப் பயிற்சியும் இருக்கிறது என்றார். நான் போகவில்லை. அலுத்துவிட்டது.

ஏன் எழுதினேன் என்று கேட்கிறாய். நீ பாதியில் விட்டாய். உனக்கு நல்ல வார்த்தை சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவாய். நான் முந்திவிட்டேன் என்று சொன்னால் நாக்குத் தள்ளினாலும் ஓடி வருவாய். ஐம்பது வருஷமாக உன்னைப் பார்க்கிறேன், அது தெரியாதா எனக்கு. ஏணியில் நீ தொங்கிய கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னைக் கொன்றிருப்பேன் என்று பயந்தேன். ஆனால் அப்போது உண்மையைச் சொன்னால் நீ மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடுவாய். அதனால் ரயிலையும் சேர்த்து எழுதினேன்.

இது வரைக்கும் நான் நல்லவன். இனி எழுதுவது கேவலம்.

உன் ஜூன் கடிதம் வந்தது. நீ மேலே ஏறிவிட்டாய், பாட்டிலை எறிந்துவிட்டாய். நான் குதித்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது கொக்கு. என் மாத்திரைதானேடா அது, உனக்கு ஏன் கேட்டது, எனக்கு ஏன் கேட்கவில்லை என்று. உன்னைத் தள்ளித் தள்ளி ஏற்றிவிட்டவன் நான், நீ ஏறிப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. பதில் எழுத உட்காருவேன், வாழ்த்துகள் என்று எழுதுவேன், கிழிப்பேன். நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டபோதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். எனக்கு இது பழக்கமில்லை. நீ எப்படித்தான் தாங்கினாய்?

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தாலே நீ சௌக்கியமாக உட்கார்ந்து எழுதியிருப்பாய் என்று தோன்றுகிறது.

பிரேக்கு


ஆகஸ்ட் 14

அன்புள்ள பிரேக்கு,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, தகவல்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அன்று மாலைக்கு உன் டாக்டரிடம் அந்தப் பெண்ணை விட்டு நேரம் வாங்கியாயிற்று. நானும் உள்ளே வருவேன். வெட்கப்பட்டால் வெளியே நிற்பேன், ஆனால் நீ உள்ளே போகாமல் திரும்பிப் போக விடமாட்டேன். டாக்டர் சொன்ன அந்த வேறு மருந்தை நீ ஆரம்பிக்கிற வரை உன் வீட்டில்தான் சாப்பாடு. மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டேன். என் சீட்டில் சின்னவன் உட்காருவான். உட்காரட்டும், எனக்கு ஏணியில் உயிர் கொடுத்த பயல்.

எப்படித் தாங்கினாய் என்று கேட்டாய். நான் எங்கே தாங்கினேன், உன் பக்கத்திலேயே நின்று பொறாமைப்பட்டேன். ஓடும்போதும் பக்கத்தில், விருந்திலும் பக்கத்தில். நீயும் படு, நன்றாகப் படு, செத்துவிட மாட்டாய். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மட்டும் படாதே.

பஸ் ஆறு மணி நேரம். வந்ததும் வழியில் எத்தனை தடவை இறங்கினாய் என்று கேட்பாய். நாலு தடவை என்று சொல்லப்போகிறேன். நம்பிவிடு.

உன்,
கொக்கு